பழனி மலையைச் சைக்கிளில் சுற்ற ஆறு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

மலையில் சைக்கிள் ஓட்ட இரும்புக் கால் வேண்டும் என்று நினைத்தே பலர் ஆசையை மனதோடு வைத்துக்கொள்கிறார்கள். காலைவிட அதிகம் உதவுகிற மூன்று விஷயங்கள் உண்டு: ஏற்றத்துக்கேற்ற சின்ன கியர், எட்டு கிலோவைத் தாண்டாத சுமை, விடிந்ததும் கிளம்புகிற பழக்கம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் சமவெளியில் ஓட்டுகிறவருக்கு இந்த மூன்றும் அமைந்துவிட்டால், பழனி மலையை ஆறு நாளில் நிதானமாகச் சுற்றி வரலாம். ஒன்று தவறினாலும் நல்ல ஓட்டக்காரரே மதியம் மூன்று மணிக்குப் பனிமூட்டத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

பழனி மலை என்றதும் கொடைக்கானல் ஏரியும் அதைச் சுற்றி ஓடும் வாடகை சைக்கிளும்தான் நினைவுக்கு வரும். அது வேறு. நாம் போகப்போவது கொடைக்கானலுக்குக் கீழேயும் அதற்கு அப்பாலும் இருக்கும் ஊர்களுக்கு. உள்ளூரில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்தைக் கீழ்மலை என்பார்கள்; காப்பி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை விளையும் இடம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மேல்மலை. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். கொடைக்கானல் நகரம் இந்தப் பயணத்தில் ஒரு சந்திப்பு மட்டுமே. அங்கே ஏடிஎம், மருந்துக்கடை, சூடான சாப்பாடு கிடைக்கும். அதற்கு மேல் அங்கே தங்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

பாதை

திண்டுக்கல்லில் தொடங்கி, வத்தலகுண்டு, தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை, கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் போய், திரும்பி வந்து பழனிக்கு இறங்குவது நம் பாதை.

வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானலுக்கு நேராக ஏறும் பெரிய மலைச்சாலை இருக்கும்போது எதற்குத் தாண்டிக்குடி வழியாகச் சுற்ற வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. பெரிய சாலையில் சுற்றுலா பஸ்ஸும் காரும் ஓயாது. வார இறுதியில் புகை குடித்துக்கொண்டே ஏற வேண்டும். அப்புறம், அந்த வழியில் ஒரே நாளில் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் ஏற வேண்டும். தாண்டிக்குடி வழியில் அந்த உயரம் இரண்டு நாளாகப் பிரிந்துவிடுகிறது, நடுவில் ஒரு நல்ல ஊரில் தூங்கலாம்.

ஒரு எச்சரிக்கை. பழைய வரைபடங்களைப் பார்த்துவிட்டு, கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சாலை பொதுப் போக்குவரத்துக்குப் பல பத்தாண்டுகளாக மூடிக் கிடக்கிறது. பேரிஜம் ஏரிவரை போகவே வனத்துறை அனுமதி வேண்டும். இந்த மலையில் மேல்மலைச் சாலை போய் முடிகிற இடத்தில் முடிந்துவிடும். வந்த வழியேதான் திரும்ப வேண்டும்.

எப்போது

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்த மலையின் கிழக்குச் சரிவில் வெளுத்து வாங்கும். மரம் சாயும், மண் சரியும், சாலை மூடும். ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரம் கொதிக்கும், மேலே கூட்டம் நெரியும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் மூட்டமும் கொஞ்சம் மழையும் இருக்கும். இரண்டாம் முறை வருகிறவர்கள் அந்தக் காலத்தில் வரலாம், முதல்முறைக்கு வேண்டாம்.

பொங்கல் விடுமுறையைத் தவிருங்கள். தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களை ஒட்டித் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரை போகிறவர்கள் நடப்பார்கள், பழனியில் அறை கிடைக்காது. சனிக்கிழமை திண்டுக்கல்லில் கிளம்பினால் கொடைக்கானலைத் திங்களும் புதனும் கடப்பீர்கள். கூட்டமும் இருக்காது, அறை வாடகையும் குறையும்.

சைக்கிளும் கியரும்

புது சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. கையில் இருப்பதன் பல்சக்கரங்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள மிகச் சின்ன சக்கரத்தில் 22 பல், பின்னால் மிகப் பெரியதில் 34 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 1.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகம். நடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், ஆனால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே ஏறலாம். அதே ஆள் முன்னால் 34, பின்னால் 28 பல் உள்ள ரோடு சைக்கிளில் வந்தால், அதே 60 சுற்றுக்கு மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். செங்குத்தான இடத்தில் சுமையோடு அந்த வேகத்தைப் புதியவர் தாங்க முடியாது. சுற்றைக் குறைத்து, எழுந்து நின்று மிதிப்பார். முட்டி வலி அங்கேதான் தொடங்கும்.

ஆக, முன் சக்கரத்தின் பல் எண்ணிக்கையைவிடப் பின் சக்கரத்தின் எண்ணிக்கை பெரிதாக இருக்கும் ஒரு கியராவது வண்டியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சைக்கிள் கடையில் சொல்லிப் பின்னால் உள்ள கேசட்டை, அதாவது பல்சக்கர அடுக்கை, மாற்றச் சொல்லுங்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லியர் அதைத் தாங்குமா, செயின் நீளம் போதுமா என்று அவர்களே பார்த்துச் சொல்வார்கள். புதுச் சட்டை, புது ஷூ வாங்குவதற்கு முன் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

டயர் அகலமாக, 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மேல்மலைச் சாலைகளில் குழி உண்டு, வளைவுகளில் ஜல்லி சிதறிக் கிடக்கும். பிரேக் கட்டை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எந்தக் கை முன் பிரேக், எந்தக் கை பின் பிரேக் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி இருக்காது. கண்ணாடி ஒன்று ஹேண்டிலில் மாட்டினால் கழுத்துக்கு நல்லது. பின்னால் சிவப்பு விளக்கு, முன்னால் வெள்ளை விளக்கு பகலிலும் எரியட்டும். மூட்டம் சொல்லிக்கொண்டு வராது.

சுமை

முதுகில் பை மாட்டாதீர்கள். ஏற்றத்தில் தோளும் இடுப்பும் போய்விடும், சட்டை நனைந்து மேலே குளிரில் நடுக்கும். பின் கேரியரில் இரண்டு பக்கமும் தொங்கும் பை, ஹேண்டிலில் ஒரு சின்னப் பை போதும். எல்லாம் சேர்த்து எட்டு கிலோ. எடை போட்டுப் பாருங்கள், கணிப்பு எப்போதும் குறைவாகத்தான் சொல்லும்.

துணியில் ஓட்ட இரண்டு செட், தூங்க ஒரு செட். உட்காரும் இடத்தில் பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை இரண்டு. அதற்குள் ஜட்டி போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஏழு டிகிரி குறையும். அதாவது வத்தலகுண்டில் 30 டிகிரி இருக்கும்போது கொடைக்கானலில் 18, இரவில் அதற்கும் வெகு கீழே. ஜனவரியில் மேல்மலையில் உறைபனி விழும். ஒரு கம்பளிச் சட்டை, காது மறைக்கும் தொப்பி, கையுறை, காற்றுப் புகாத மேல்சட்டை ஆகியவை இறக்கத்துக்குத்தான் அதிகம் தேவைப்படும். துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் வையுங்கள். எந்தப் பையும் முழு மழையைத் தாங்காது.

பழுது பார்க்க: டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருட்கள், டயர் கழற்றும் லீவர், கைப்பம்பு, ஆலன் சாவிகள், செயின் அறுந்தால் மாட்ட ஒரு குயிக் லிங்க், செயின் எண்ணெய், பிரேக் கட்டை ஒரு ஜோடி, கேபிள் டை, இன்சுலேஷன் டேப், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கப் பழைய டயர்த் துண்டு. மலையில் டூவீலர் பஞ்சர் கடை இருக்கும், உங்கள் அளவு டியூப் இருக்காது. உங்கள் டியூபில் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற தடித்த வால்வு இருந்தால் அந்தக் கடையிலேயே காற்று பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் உங்கள் பம்பை மட்டுமே நம்ப வேண்டும்.

தண்ணீருக்கு இரண்டு பாட்டில், மொத்தம் ஒன்றரை லிட்டர். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குக் கொடைக்கானலில் கட்டுப்பாடு இருக்கிறது. சொந்த பாட்டிலில் டீக்கடையில் வெந்நீர் நிரப்பிக்கொள்வதே எளிது.

பழகிக்கொள்ளுதல்

ஆறு வாரம் போதும். வாரநாளில் இரண்டு முறை ஒரு மணி நேரம், ஞாயிறு ஒருநாள் நீண்ட ஓட்டம். அதைக் கடைசி வாரங்களில் 70 கிலோமீட்டர் வரை கொண்டு போங்கள். சுமையைக் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள். காலியான சைக்கிளில் பழகிவிட்டு முதல் ஏற்றத்தில் சுமையோடு ஏறினால் ஹேண்டில் ஆடுவதே புதிதாக இருக்கும். கடைசி இரண்டு வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். முதல் நாள் களைப்பைவிட, மறுநாள் காலை அதே சீட்டில் மறுபடி உட்காருவது எப்படி இருக்கிறது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பக்கத்தில் மலை இருந்தால் ஒருமுறை ஏறிப் பாருங்கள். திண்டுக்கல், மதுரைக்காரர்களுக்குச் சிறுமலை, அதில் 18 கொண்டை ஊசி வளைவு. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. வேலூர், திருப்பத்தூர் பக்கம் ஏலகிரி. சென்னையில் இருப்பவர்களுக்கு மேம்பாலமும் கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்றும்தான் மலை. எதிர்க்காற்றில் ஒரே சீராக இரண்டு மணி நேரம் மிதிப்பது நல்ல பயிற்சியே.

தனியாக முதல்முறை போக வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பேர் சரியாக இருக்கும். ஆறேழு பேரானால் ஒவ்வொரு டீக்கடையிலும் முக்கால் மணி நேரம் போய்விடும்.

திண்டுக்கல் சேருதல்

ரயிலில் சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிவு செய்து, பிரேக் வேனில் (ரயிலின் சரக்குப் பெட்டியில்) ஏற்றலாம். கிளம்பும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் போங்கள். உங்கள் பயணச்சீட்டைக் காட்ட வேண்டும். பைகள், விளக்கு, பம்பு எல்லாவற்றையும் கழற்றி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பெடலையும் டிரெய்லியரையும் அட்டையால் சுற்றுங்கள். பெயர், ரயில் எண், இறங்கும் நிலையம் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டுங்கள். கொடைக்கானல் ரோடு நிலையம் வத்தலகுண்டுக்கு அருகில்தான், ஆனால் அங்கே வண்டி நிற்பது கொஞ்ச நேரம். பிரேக் வேனைத் திறந்து இறக்குவதற்குள் ரயில் நகர்ந்துவிடும் அபாயம் உண்டு. திண்டுக்கல் ஜங்ஷனில் இறங்குவதே பாதுகாப்பு.

தனியார் இரவுப் பஸ்ஸில் கீழே உள்ள சரக்குப் பெட்டியில் முன் சக்கரத்தைக் கழற்றி வைக்க முடியும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டு, தொகையையும் பேசிவிடுங்கள்.

உங்களோடு துணைக்குக் கார் வருகிறது என்றால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் மோட்டார் வாகனங்களுக்கு அது கட்டாயம்.

முதல் நாள்: திண்டுக்கல் – வத்தலகுண்டு

செம்பட்டி வழியாக 40 கிலோமீட்டருக்கு உட்பட்ட சமவெளி. தென்னந்தோப்பு, பூந்தோட்டம், மேற்கே நீலமாக மலை. இந்த நாளைச் சோதனை ஓட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட் உயரம் சரியா, பை சக்கரத்தில் உரசுகிறதா, கியர் எல்லாம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டியது இன்றைக்குத்தான். வத்தலகுண்டில் லாட்ஜ் இருக்கிறது, சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். திண்டுக்கல் பிரியாணியை முந்தின இரவே முடித்துவிடுங்கள். இன்றிரவு இட்லி, சாதம் என்று எளிதாகச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்துவிட வேண்டும்.

இரண்டாம் நாள்: தாண்டிக்குடி ஏற்றம்

பயணத்தின் கடினமான நாள் இது. பட்டிவீரன்பட்டி, சித்தரேவு வரை சமவெளி. அதன் பிறகு பெரும்பாறை, தடியன்குடிசை வழியாக ஏற்றம். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும்.

ஏற்றத்தில் கிலோமீட்டரை எண்ணாதீர்கள், உயரத்தை எண்ணுங்கள். சுமையோடு வரும் புதியவர் ஓய்வையும் சேர்த்து ஒரு மணி நேரத்தில் 250 முதல் 300 மீட்டர் உயரம் ஏறுவார். ஆக இன்றைக்கு நான்கு மணி நேர ஏற்றம், அதற்கு முன் சமவெளியில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு ஊர் சேரலாம்.

ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். மிதி இறுகிய பிறகு மாற்றினால் செயின் கரகரவென்று கத்தும், சில நேரம் அறுந்துவிடும். முதல் அரைமணி நேரம் மனது இன்னும் வேகமாகப் போகச் சொல்லும். காது கொடுக்க வேண்டாம். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நில்லுங்கள். பசிக்கும்வரை காத்திருக்கக்கூடாது; மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது இரண்டு கடலைமிட்டாய், அரை லிட்டர் தண்ணீர். தண்ணீரில் உப்பு, சர்க்கரை, எலுமிச்சை கலந்துகொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறோம். வளைவு இடப்பக்கம் திரும்பினால் நீங்கள் உள்வட்டத்தில் இருப்பீர்கள், சரிவு அங்கேதான் செங்குத்து. வலப்பக்கம் திரும்பினால் வெளிவட்டம், சரிவு தணியும். மூச்சு விட அதுதான் இடம். பஸ் வருகிற சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். பஸ் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும். மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி. இறங்கி வருகிறவருக்கு அது நினைவிருக்கும் என்று நம்பி உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கமும் வேண்டாம்.

அப்புறம் யானை. கீழ்மலையில் யானை உண்டு, வாழைக்கும் பலாவுக்கும் தோட்டத்துக்குள் வரும். சித்தரேவிலும் வழியில் உள்ள டீக்கடைகளிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "அண்ணே, மேலே யானை நிக்குதா?" இரவு எங்கே கண்டார்கள் என்று துல்லியமாகச் சொல்வார்கள். நிற்கிறது என்றால் பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள், அல்லது கடையிலேயே உட்காருங்கள். சைக்கிளுக்குச் சத்தம் கிடையாது. வளைவில் திரும்பியதும் எதிரே நிற்கும் விலங்குக்கு நம்மைவிடப் பெரிய அதிர்ச்சி. மூடிய வளைவுகளில் மணி அடியுங்கள், பேசிக்கொண்டே போங்கள். மாலை நான்குக்குப் பிறகும் காலை ஆறரைக்கு முன்பும் காட்டுச் சாலையில் இருக்கக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பதற்கே இடமில்லை.

தூரம் கேட்டால் மட்டும் உள்ளூர்க்காரர்களை நம்ப வேண்டாம். "இன்னும் ரெண்டு வளைவுதான் தம்பி" என்பார்கள், வளைவுகள் வந்துகொண்டே இருக்கும். பஸ்ஸில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள். அதை நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ சரியாக வரும்.

தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம். இந்த மலையில் என்ன விளைகிறது என்பதை அவை இரண்டும் இருக்கும் இடமே சொல்லிவிடும். ஜனவரியில் வந்தால் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும், வீட்டு முற்றங்களில் காயப்போட்டிருப்பார்கள். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். தோட்டங்களுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். தாண்டிக்குடியில் ஹோம்ஸ்டே இருக்கிறது, முன்பே பேசிவைத்தால் இரவுச் சாப்பாடும் சொல்லிவிடலாம். மாலையில் முருகன் கோயில் பக்கம் நடந்து வரலாம். பழைய கற்திட்டைகளும் இந்த ஊர்ப் பக்கம் உண்டு.

மூன்றாம் நாள்: பண்ணைக்காடு வழியாக மேலே

தாண்டிக்குடியிலிருந்து பண்ணைக்காடு வரையிலான சாலைதான் இந்தப் பயணத்திலேயே எனக்கு மிகவும் பிடித்தது. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நிழல் விடாது, வண்டி அதிகம் வராது. பண்ணைக்காட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிடுங்கள். அதைத் தாண்டிப் பெரிய மலைச்சாலையில் சேர்ந்ததும் அமைதி போய்விடும். வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக ஏறுங்கள். காரில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி வீடியோ எடுப்பார்கள், பொருட்படுத்த வேண்டாம்.

பெருமாள்மலை வந்ததும் ஒரு முடிவு எடுக்கலாம். பழனிச் சாலை பிரியும் இடம் இது. கால் களைத்திருந்தால் இங்கேயே தங்கலாம், கொடைக்கானலைவிட வாடகை குறைவு, சத்தமும் குறைவு. தெம்பிருந்தால் வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து மேலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஏறிக் கொடைக்கானல் போய்விடுங்கள்.

இங்கிருந்து மேலே யானையைவிடக் காட்டுமாடுதான் அதிகம் எதிர்ப்படும். ஊருக்குள்ளேயே, கடை வாசலிலேயே நிற்கும். சாதுவாகத் தெரிந்தாலும் ஒரு டன் எடை வரை வளரும் விலங்கு. குறைந்தது முப்பது மீட்டர் தள்ளி நின்று, அது நகர்ந்த பின் போங்கள். படம் எடுக்க அருகே போனவர்களை முட்டித் தூக்கிய செய்தி அடிக்கடி வருகிறது. நாய் துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் ஆர்வம் இழந்துவிடும்.

நான்காம், ஐந்தாம் நாள்: மேல்மலை

பூம்பாறை இருபது கிலோமீட்டருக்குள். ஊர் தெரிவதற்கு முன் சாலையோரத்திலிருந்து கீழே பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்களும் நடுவில் நெருக்கமான வீடுகளும் தெரியும். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளைவது இந்தப் பக்கத்தில்தான். வீட்டு உத்தரத்தில் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். குழந்தை வேலப்பர் கோயில் ஊருக்குள் இருக்கிறது. அங்கே டீ குடித்துவிட்டு மன்னவனூர் போங்கள். மரங்கள் விலகிப் புல்வெளி விரியும். மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் ஓர் ஏரியும் உண்டு. தங்க ஓரளவு வசதி இருக்கிறது, ஆனால் கொடைக்கானலிலேயே போன் செய்து உறுதிப்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். பணமும் மருந்தும் கொடைக்கானலிலேயே வாங்கிவிட வேண்டும். செல்போன் சிக்னல் வந்து போகும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால் தெம்பாக இருந்தால் பைகளை அறையில் விட்டுவிட்டுக் கவுஞ்சி வரை போய் வரலாம். சுமை இல்லாத சைக்கிள் எவ்வளவு லேசு என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் நாள் வந்த வழியே திரும்பி, கொடைக்கானலைக் கடந்து பெருமாள்மலையில் தங்குங்கள். பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் வரை ஏற்றம் அதிகம் என்பதால் காலையிலேயே முடித்துவிட வேண்டும். முடியவில்லை, முட்டி வலிக்கிறது, வண்டி உடைந்துவிட்டது என்றால் கலங்க வேண்டாம். மேல்மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டிகளும் குட்டி யானைகளும் கீழே போய்க்கொண்டே இருக்கும் (இந்தக் குட்டி யானை நான்கு சக்கர வண்டி, பயம் வேண்டாம்). கையைக் காட்டி, நிலைமையைச் சொல்லி, டீசலுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தால் சைக்கிளோடு ஏற்றிக்கொள்வார்கள். அரசுப் பஸ்ஸில் கூரைக் கேரியர் இப்போது குறைந்துவிட்டது. இருந்தால் கண்டக்டரிடம் லக்கேஜ் டிக்கெட் கேட்டு ஏற்றலாம். காயம் பட்டால் 108.

ஆறாம் நாள்: பழனி இறக்கம்

எல்லோரும் காத்திருக்கும் நாள், உண்மையில் அதிகக் கவனம் வேண்டிய நாள். பெருமாள்மலையிலிருந்து பழனிக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், பெரும்பகுதி இறக்கம். கிளம்பும் முன் பிரேக் கட்டை, பிரேக் கம்பி, சக்கரம் மாட்டிய லீவர், கேரியர் திருகாணி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள்.

பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்கக்கூடாது. ரிம் பிரேக்கில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். டிஸ்க் பிரேக்கிலும் பிடிமானம் தளரும். முன்னும் பின்னும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், மறுபடி அழுத்துங்கள். வளைவுக்கு முன்னால், நேர்ச் சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் பிரேக் பிடித்தால் ஜல்லியில் சக்கரம் வழுக்கும். திரும்பும்போது வெளிப்பக்கப் பெடல் கீழே இருக்கட்டும், கண் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கட்டும். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று கைவிரலை உதறி, ரிம்மைச் சூடு ஆறவிடுங்கள். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும்.

காலை மூட்டம் விலகி ஏழரை எட்டுக்குக் கிளம்பினால் போதும், இன்றைக்கு அவசரமில்லை. இறங்க இறங்க ஒவ்வொரு சட்டையாகக் கழற்ற வேண்டி வரும். அடிவாரம் நெருங்கும் காட்டுப் பகுதியில் மறுபடி யானை கணக்கு பொருந்தும்: கேட்டுவிட்டுப் போங்கள்.

பழனியில் தேவஸ்தான விடுதிகளும் லாட்ஜ்களும் நிறைய. பழனி நிலையத்தில் எல்லா ரயிலிலும் சைக்கிள் ஏற்ற வசதி இருக்காது. பார்சல் அலுவலகத்தில் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். இல்லையென்றால் மறுநாள் காலை ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லுக்கே ஓட்டிவிடலாம், ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மலை இறங்கி வந்த காலுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆயக்குடியில் கொய்யாப்பழம் வழியிலேயே விற்பார்கள். பஞ்சாமிர்தம் வாங்குவதாக இருந்தால் மூடி இறுகிய டின்னாகப் பார்த்து வாங்கி, உறையில் சுற்றி, பையின் அடியில் நிமிர்த்தி வையுங்கள். வெயிலில் கசிந்தால் தூங்கும் செட் உட்பட எல்லாத் துணியையும் எறும்பு எடுத்துக்கொள்ளும்.